கிலோமீட்டர் கணக்கு மலைக்குச் செல்லாது

புது வண்டி எடுக்கும்போது கையில் ஒரு சர்வீஸ் புத்தகம் கொடுப்பார்கள். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், 20,000 அல்லது இரண்டு வருடம் என்று கட்டம் கட்டி, எதை மாற்ற வேண்டும், எதைப் பார்த்தால் போதும் என்று அச்சடித்திருக்கும். சமவெளியில் இருப்பவர்களுக்கு அது சரி. அரவேனுவில் குடியிருந்து, கோத்தகிரியில் வேலை பார்த்து, காரமடையில் இருக்கும் அப்பா அம்மாவைப் பார்க்க அடிக்கடி மலையிறங்குகிற என்னைப் போன்ற ஆளுக்கு அந்தக் கட்டங்கள் ஒத்து வருவதில்லை. என் வண்டி ஓடுகிற தூரம் குறைவு. படுகிற பாடு அதிகம்.

இது வண்டி செய்கிறவர்களுக்குத் தெரியாததல்ல. பெரும்பாலான கையேடுகளின் பின்பக்கத்தில் 'கடுமையான பயன்பாடு' என்று இன்னொரு அட்டவணை இருக்கும். மலைப்பாதையில் ஓட்டுவது, குளிரில் குறைந்த தூரம் மட்டும் ஓட்டி நிறுத்துவது, திரும்பத் திரும்ப பிரேக் பிடிப்பது எல்லாம் அதில் வரும். அப்படி ஓடும் வண்டிகளுக்கு ஆயிலையும் ஃபில்டரையும் பிரேக்கையும் சீக்கிரமே கவனிக்கச் சொல்லியிருக்கும். நீலகிரியில் ஓடும் எந்த வண்டியும் அந்த அட்டவணைக்குள்தான் வரும். ஆனால் சர்வீஸ் சென்டரில் வேலைப் பட்டியல் எழுதி ஜாப் கார்டு போடுகிறவர் அந்தப் பக்கத்தைத் திருப்பி நான் பார்த்ததில்லை.

என் வண்டியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இது அந்த வண்டியின் விமர்சனம் ஆகிவிடும். பிரீமியம் ஹேட்ச்பேக் என்று விற்கிற ரகம். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ பெட்ரோல், மேனுவல் கியர். அது போதும்.

இந்த ரகமே நம் ஊர் வரிக் கணக்கில் பிறந்தது என்று சொல்லலாம். 2006 பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். சிறிய கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள். அதற்கப்புறம் எல்லாக் கம்பெனிக்கும் அந்த 4 மீட்டர்தான் எல்லைக்கோடு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் ஐ20 2008 கடைசியில் வந்தது. அடுத்த ஆண்டு ஜாஸ், 2010இல் போலோ, 2015இல் பலேனோ, 2020 தொடக்கத்தில் ஆல்ட்ரோஸ். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுக்குள் அடங்கும் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமானதும் அதே எல்லைக்கோட்டை வைத்துத்தான். டெல்லியில் வரிக்காகப் போட்ட கோடு மலைக்காரனுக்கும் உதவியது வேறு கதை. கோத்தகிரி பஜாரில் 4 மீட்டருக்கு மேல் நீளமான வண்டியை நிறுத்தி எடுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

டர்போவை ஏன் எடுத்தேன் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். சின்ன இன்ஜின், ஆயுசு குறைவு, செலவு அதிகம் என்று பயமுறுத்தினார்கள். மலையில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. உயரம் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறையும். டர்போ இல்லாத இன்ஜின் 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவீத சக்தியை இழக்கும். ஊட்டி 2,240 மீட்டர். சமவெளியில் 80-க்கு மேல் குதிரைச் சக்தி காட்டுகிற வண்டி அங்கே 65 பக்கம்தான் கொடுக்கும். நாலு பேர், லக்கேஜ், ஏசி என்று சேர்ந்தால் இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு ஏறும். டர்போ என்றால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால், விட்டுப்போனதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். கொண்டை ஊசி வளைவில் வேகம் செத்து, ஆர்பிஎம் கீழே விழுந்த இடத்தில் மட்டும் ஒரு நொடி யோசிக்கும். அங்கே முதல் கியருக்கு வர வெட்கப்படக் கூடாது.

அந்தக் காலத்து அம்பாசிடர், பத்மினிக்காரர்களுக்கு இதே காற்று வேறு தலைவலி. கார்புரேட்டர் மலையில் பெட்ரோலை அதிகம் விட்டுக் கரும்புகை கக்கும். மெக்கானிக் திருகித் திருகிச் சரி பண்ண வேண்டும். இப்போது சென்சார் காற்றழுத்தத்தை அளந்து கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. இதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மலையில் ஏற்றத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வண்டியைத் தின்பது இறக்கம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 300. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள வண்டி அந்த 1,500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 1,000 வாட் வாட்டர் ஹீட்டரை ஐந்து மணி நேரம் ஓடவிட்டதற்கு ஈடான சூடு. ஒரு மணி நேரச் சொச்சத்தில் அதை எங்காவது கொட்டியாக வேண்டும். காற்றுத் தடையும் டயர் உராய்வும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜின் வாங்குகிறதா, பிரேக் வாங்குகிறதா என்பதை நம் கியர்தான் தீர்மானிக்கிறது.

இங்கே டர்போ வண்டியின் மறுபக்கம் தெரியும். இன்ஜின் கொள்ளளவு சின்னதாக இருப்பதால் இன்ஜின் பிரேக்கிங் பலவீனம். பழைய 1.3, 1.5 லிட்டர் வண்டி மூன்றாவது கியரில் பிடித்து நிறுத்துகிற சரிவில் என் வண்டிக்கு இரண்டாவது வேண்டும். தலைகுந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே இரண்டாவதைத் தாண்டவே கூடாது. வெளியூர் வண்டிகளை அந்த வழியாக இறங்க விடுவதில்லை என்பதில் எனக்குக் கோபமே இல்லை.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதைய இன்ஜின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோலே நின்றுவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். ஆக மிச்சமும் இல்லை, பிடியும் இல்லை. இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்யூம் இன்ஜின் ஓடினால்தான் தொடர்ந்து கிடைக்கும். நாலைந்து தடவை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும்.

மே மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் இதன் விளைவை மூக்காலேயே அறியலாம். சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் சுற்றுலா வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் விடுவார்கள். வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த 2024 மே 7-க்கு அப்புறமும் கூட்டம் கூட்டம்தான். குஞ்சப்பனை வரைக்கும் பிரேக் பேட் கருகும் வாடை. முன்சக்கரத்தில் புகை வர, ஓரங்கட்டி நிற்கிற ஒரு வண்டியையாவது பார்க்கலாம். ஒருமுறை ஒரு பையன் தண்ணீர் பாட்டிலோடு நின்று, "அண்ணா, ஊத்தலாமா?" என்று கேட்டான். பக்கத்தில் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மா எனக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்: "ஊத்தாத கண்ணு, தட்டு கோணிக்கும். அரை மணி நேரம் சும்மா நில்லு." கொதிக்கிற டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கோணவும் செய்யும், விரிசலும் விடும். இதைவிடத் தெளிவாக எந்த சர்வீஸ் அட்வைசரும் எனக்குச் சொன்னதில்லை.

பேட் தேய்வதைக் கண்ணால் பார்க்கலாம். பார்க்க முடியாதது பிரேக் ஆயில். அது ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அதற்கான அளவு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, 140. நீண்ட இறக்கத்தில் பேடை அழுத்தும் காலிப்பர் சூடாகி ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வருடத்தில் பாதி மழையும் மஞ்சுமாக இருக்கிற ஊரில் நான் வருடா வருடம் மாற்றிவிடுகிறேன், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால். பெரிய செலவில்லை. ஒவ்வொரு வருடமும் "இன்னும் டைம் இருக்குங்க சார்" என்பார்கள். பரவாயில்லை, மாற்றுங்கள் என்பேன்.

அடுத்தது கிளட்ச். இங்கே பாதி வீடுகள் ரோட்டுக்குக் கீழே இருக்கும். காலையில் வண்டியை ரிவர்ஸில் மேட்டேற்றித்தான் ரோட்டுக்கு வர வேண்டும். தினமும் அந்தச் சில மீட்டரில் கிளட்ச் தேய்வது, சமவெளியில் பல கிலோமீட்டர் ஓட்டுவதைவிட அதிகம். இரவே வண்டியைத் திருப்பி முன்பக்கம் மேட்டைப் பார்த்து நிறுத்திவிட்டால் முக்கால் பிரச்சினை தீர்ந்தது, இடம் இருந்தால். ஹில் ஹோல்ட் வசதி இரண்டு நொடி பிடித்துக்கொள்ளும், அதற்குள் கிளம்ப வேண்டும். சீசன் நெரிசலில் ஏற்றத்தில் நிற்கும்போது பாதிக் கிளட்ச்சில் வண்டியைத் தொங்கவிடுவது கிளட்ச் பிளேட்டைத் தீயில் காட்டுவதுதான். ஹேண்ட் பிரேக் அதற்குத்தான் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே இடத்தை வைத்துத்தான் பதில் சொல்வேன். மேனுவல் கியரையே மோட்டார் வைத்து மாற்றும் ஏஎம்டி, கொண்டை ஊசி நடுவில் கியர் மாற்ற யோசிக்கும். உலர் வகை இரட்டைக் கிளட்ச் நகர்ந்து நகர்ந்து ஏறும் நெரிசலில் சூடாகும். கியர்ப் படிகளே இல்லாத சிவிடி சத்தம் போடும், ஆனால் சேதமில்லாமல் ஏறும். சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் அதை எடுங்கள்.

மழைக்காலத்தில் நனைந்த வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இறுக்கிவிட்டு இரண்டு மூன்று நாள் எடுக்காமல் விட்டால், பின்சக்கர டிரம்மில் பிரேக் ஷூ துருவோடு ஒட்டிக்கொள்ளும். சமதளம் கிடைத்தால் நான் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுவேன். சரிவில் அது நடக்காது.

இனி நான் சொல்வது பலருக்கு நம்பிக்கை வராத விஷயம். மலை வண்டிக்கு மலை ஏறுவதைவிடக் கெடுதல், பஜாருக்குப் போய் வருவது. ஜனவரிக் காலையில் குளிர் ஒற்றை இலக்கத்தில் இருக்கும். இன்ஜினைப் போட்டு, நாலைந்து கிலோமீட்டர் போய் நிறுத்துகிறோம். மாலையில் மறுபடி அதே. இன்ஜின் ஒழுங்காகச் சூடேறுவதே இல்லை. பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும். இன்ஜின் சூடாக இருந்தால் அது ஆவியாக வெளியே போய்விடும். குளிர்ந்த இன்ஜினில் ஒரு பங்கு உள்ளேயே படிந்து ஆயிலோடு கலக்கும். எரியாத பெட்ரோலும் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் சேரும். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில் இது இன்னும் அதிகம். ஆயில் அளக்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் அளவு குறையாமல் கூடியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம்.

ஆயில் மூடியைத் திறந்தால் உட்பக்கம் காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருக்கும். சமவெளி மெக்கானிக் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, கூலன்ட் ஆயிலில் கலக்கிறது, இன்ஜினை இறக்க வேண்டும் என்றார். எங்கள் ஊர் மெக்கானிக் முதலில் கூலன்ட் அளவைப் பார்த்தார். குறையவில்லை. டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்தார். ஆயில் ஆயிலாகத்தான் இருந்தது. "மலை வண்டிங்க சார், பனிக்காலத்துல எல்லா வண்டிக்கும் இருக்கும். ஒரு நடை மேட்டுப்பாளையம் போய்ட்டு வாங்க" என்றார். போய் வந்தேன், பசை மறைந்துவிட்டது. அதிலிருந்து வாரம் ஒருமுறையாவது குன்னூர் வரை நிற்காமல் ஓட்டிவிட்டு வருவதைப் பராமரிப்புக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். ஆயிலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். கிலோமீட்டரைப் பார்ப்பதே இல்லை. டீசல் எடுத்தவர்களுக்கு இது இன்னும் சிரமம். பிஎஸ்6 டீசலில் புகையை வடிகட்டும் டிபிஎஃப், தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நல்ல சூட்டில் தொடர்ந்து ஓட வேண்டும். வீட்டுக்கும் பஜாருக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே வராது.

ஈரம் தனி அத்தியாயம். வைப்பருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் ஜாலி இருக்கும், மழைத்தண்ணீர் அதன் வழியாக இறங்கி ஓரத் துளைகளில் வெளியேறும். சில்வர் ஓக் இலையும் கற்பூர மரத்துச் சருகும் விழுந்து அந்தத் துளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் வண்டிக்குள் வரும். முதலில் கால்மிதி ஈரமாகும், அப்புறம் வாடை, அப்புறம் எலெக்ட்ரிக்கல் கோளாறு. சன்ரூஃப்புக்கும் நாலு மூலையில் இப்படி வடிகால் குழாய் உண்டு. மரத்தடியில் வண்டி நிறுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை பானெட்டைத் திறந்து சருகைக் கையால் அள்ளிப் போட்டால் போதும். கதவு ரப்பரில் பாசி பிடிப்பதையும் அப்போதே துடைத்துவிடலாம்.

"ஊட்டிப் பக்கம் ஏசி எதுக்கு?" என்று கேட்பவர்கள் மழையில் கண்ணாடி மங்கும்போது துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே ஓட்டுவார்கள். ஏசியின் வேலை குளிரவைப்பது மட்டுமல்ல, காற்றிலிருந்து ஈரத்தை எடுப்பதும்தான். ஏசியைப் போட்டு, கூடவே ஹீட்டரையும் திருப்பி, காற்றை முன்கண்ணாடிக்கு விட்டால் சீக்கிரமே தெளிந்துவிடும். குளிர்காலத்திலும் வாரத்தில் ஒருநாளாவது கம்ப்ரசர் ஓட வேண்டும், இல்லாவிட்டால் அதன் சீல் காய்ந்து கேஸ் கசியும். தலைகுந்தா பக்கம் இருப்பவர்களுக்கு உறைபனி வேறு. முன்கண்ணாடியில் படிந்த பனி மேல் வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். உள்ளே ஹீட்டரைப் போட்டுக் காத்திருங்கள்.

டயர் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. உயரம் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் காற்று அளவு ஏறிக் காட்டும், கோத்தகிரி உயரத்துக்கு இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல். குளிரினால் காற்று சுருங்கி அளவு குறையும், 10 டிகிரிக்கு ஏறக்குறைய ஒன்றரை பவுண்டு. மேட்டுப்பாளையத்து வெயிலில் 33 பிடித்துக்கொண்டு மேலே வந்து, மறுநாள் காலையில் அளந்தால் இரண்டும் கழிந்து 32-ல் வந்து நிற்கும். ஆகவே மேலே வந்ததும் காற்றை இறக்குகிறேன், ஏற்றுகிறேன் என்று யாரும் அலைய வேண்டாம். கவனிக்க வேண்டியது தேய்மானம். வளைவுகளில் முன்டயரின் வெளி ஓரம் முதலில் போகும். நடுவில் பட்டன் நன்றாக இருக்கும், ஓரம் மொட்டையாக இருக்கும். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை குறையச் சட்டம் அனுமதிக்கிறது. மழையில் மலையிறங்குகிறவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. ஸ்டெப்னி இந்த ரகத்தில் பெரும்பாலும் ஒரு சுற்றுச் சின்னது. முன்டயர் பஞ்சரானால் அதை முன்னால் மாட்டாமல், பின்சக்கரத்தை முன்னுக்குக் கொண்டுவந்து ஸ்டெப்னியைப் பின்னால் போடுங்கள். ரோட்டோரத்தில் நின்று இரண்டு சக்கரம் கழற்றுவது எரிச்சல்தான், ஆனால் திருப்பமும் பிரேக்கும் முன்சக்கரத்தில்தான் இருக்கிறது.

சர்வீஸுக்குக் கீழே இறங்க வேண்டும். அங்கே நம்பர் பிளேட்டில் டிஎன் 43 பார்த்ததும் "ஊட்டி வண்டியா சார்?" என்று ஆரம்பிப்பார்கள். இன்ஜின் டீகார்பனைசிங், ஏசி கிருமிநீக்கம், ஏதோ ஒரு கோட்டிங் எல்லாம் எஸ்டிமேட்டில் வந்துவிடும். நான் கேட்ட, சஸ்பென்ஷனில் இருக்கும் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பார்க்க மட்டும் மறந்திருப்பார்கள். வாரண்டி இருக்கும் வரை அங்கே போவது கட்டாயம், எக்ஸ்டெண்டட் வாரண்டியும் எடுத்திருக்கிறேன். டர்போ வண்டிக்கு அது வீண் செலவில்லை. மற்றபடி புஷ், லிங்க் ராட், பிரேக் சுத்தம் பண்ணுவது எல்லாம் உள்ளூர் மெக்கானிக்கிடம்தான். அவர் வண்டியை ஓட்டிப் பார்ப்பது தட்டையான ரோட்டில் அல்ல.

சித்தப்பா மகன் இப்போது இதே ரகத்தில் வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறான். டாப் வேரியன்ட்தான் வேண்டும் என்கிறான்: 16 அங்குல அலாய், சன்ரூஃப், பெரிய திரை. நடு வேரியன்ட்டை எடு, 15 அங்குலச் சக்கரம் போதும் என்றேன். டயரின் பக்கச்சுவர் கொஞ்சம் உயரமாக இருந்தால் எங்கள் ரோட்டுக் குழியில் ரிம் தப்பிக்கும். பின்கண்ணாடிக்கு மங்கலைப் போக்கும் டீஃபாகரும் வைப்பரும் இருக்கிறதா, ஃபாக் லேம்ப்பை எடுத்துவிட்டார்களா என்று பார். வண்டியோடு வருகிற டயர்கள் தேய்ந்ததும், மிச்சமாகும் பணத்தில் நல்லதாக நான்கு வாங்கலாம். "அண்ணா, அதெல்லாம் யார் கண்ணுக்குத் தெரியும்?" என்றான். சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு டெஸ்ட் டிரைவுக்குப் போகிறேன். ஷோரூம்காரர்கள் கோவை அவிநாசி ரோட்டில் ஓட்டிக் காட்டுவதாகச் சொன்னார்கள். மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியார் வரைக்காவது விடுவீர்களா என்று கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.